நித்தியகல்யாணி என்கிற சுடுகாட்டு மல்லி

ஒரே செடிக்கு இதைவிட முரணா ரெண்டு பேர் யாராலும் வைக்க முடியாது. நித்தியகல்யாணின்னா என்னைக்கும் மங்கலமா இருக்கறவன்னு அர்த்தம். அதே செடியைக் காட்டி எங்க ஊர்ல யாரையாவது கேட்டீங்கன்னா, யோசிக்காம "சுடுகாட்டு மல்லி"ம்பாங்க. மலையாளத்துல சவக்கோட்டப்பச்சை. சிங்களத்துல மினி மல், அதாவது பிணப்பூ. இந்திக்காரங்க மட்டும் சதாபஹார்னு, எப்பவும் வசந்தம்கற மாதிரி ஒரு பேரை வச்சுட்டு நிம்மதியா இருக்காங்க.

ரோஸ் கலர் பூ பூக்கறதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பஸ் ஸ்டாண்டு ஓரம், ரயில்வே குவார்ட்டர்ஸ் காம்பவுண்டு, பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்னு எல்லா எடத்துலயும் இருக்கும். நான் சொல்லப் போறது அதுல வெள்ளை. அஞ்சு இதழ், நடுவுல லேசா மஞ்சளோ பச்சையோ ஒரு புள்ளி, மத்தபடி சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி ஒரே வெள்ளை. தாவரவியல்ல இதுக்கு கேத்தராந்தஸ் ரோசியஸ்னு பேரு. கேத்தராந்தஸ்னா கிரேக்கத்துல 'தூய பூ'. ரோசியஸ்னா ரோஸ் நிறம். ஆக, ரோஸ் நிறத் தூய பூ. வெள்ளைக்கு அந்தப் பேர்ல பாதிதான் பொருந்தும் :-)

மூணு வருஷமா எங்க ஃபிளாட் மொட்டை மாடியில இதை வளர்த்துட்டு இருக்கேன். "போயும் போயும் இந்தச் செடியைத்தான் வளர்க்கணுமா?"ன்னு கேட்காத ஆளில்ல. ஹவுஸ் ஓனர் அம்மா ஒரு நாள் மாடிக்குத் துணி காயப்போட வந்தவங்க, தொட்டியைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. "ஏன் தம்பி, குடும்பம் இருக்கற வீட்டுல இதைப் போய் வைக்கலாமா?" ரோஸாவது பரவாயில்லயாம், வெள்ளை கூடவே கூடாதாம்.

அவங்க கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு. எங்க ஊர் தேரிக்காட்டுப் பக்கம். செக்கச் செவேல்னு மணல், பனை மரம், முள்ளு. ஊருக்கு வெளிய இடுகாட்டுல கல்லறை ஓரமெல்லாம் இந்த வெள்ளைப் பூதான். சின்ன வயசுல ஆச்சிகிட்ட ஏன் இதை மட்டும் அங்க வைக்கறாங்கன்னு கேட்டிருக்கேன். ஆச்சி சொன்னது: "ஆடு திங்காது, மாடு திங்காது, தண்ணி ஊத்த நாதியில்ல. இருந்தாலும் வருஷம் பூரா பூக்குது பாரு. செத்தவங்களுக்கு தெனமும் பூ வைக்க யாரால முடியும்? அதான் செடியையே வச்சுட்டு வந்துடறது."

எனக்குத் தெரிஞ்சு அந்தப் பேருக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. யோசிச்சா ரெண்டு பேருமே ஒரே குணத்துக்கு வச்ச பேருதான். எப்பவும் பூக்கறதால நித்தியகல்யாணி. யாரும் கவனிக்காமலே எப்பவும் பூக்கறதால சுடுகாட்டு மல்லி.

அப்போ இது நம்ம ஊரு செடின்னு நெனைச்சீங்கன்னா, அதுதான் இல்ல. இதோட சொந்த ஊரு மடகாஸ்கர். உலகத்துல வேற எங்கயும் தானா தோணினது கிடையாது. 18ஆம் நூற்றாண்டுல பாரிஸ் அரச தோட்டத்துக்கு விதை போச்சு, அங்கேருந்து லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் போச்சு, அப்படியே கப்பல் போன எடமெல்லாம் போய் இறங்கிடுச்சு. ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, நம்ம ஊருன்னு வெயில் அடிக்கற எடமெல்லாம் இப்போ அதுக்கு வீடு. மிளகாய், மரவள்ளி, காகித மல்லி எல்லாம் வந்தேறிகள்தானே, அந்த லிஸ்ட்ல இதையும் சேர்த்துக்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். எப்படி வளர்க்கறது?

1. விதை. பூ உதிர்ந்ததும் அந்த எடத்துல ரெண்டு மெல்லிசான காய் ஜோடியா, கொம்பு மாதிரி நிக்கும். ஒரு இஞ்ச்தான் இருக்கும். பச்சையா இருக்கறப்போ பறிச்சா பிரயோஜனம் இல்ல. மஞ்சள் கலந்து பழுப்பாக ஆரம்பிக்கறப்போ எடுக்கணும். ஒரு நாள் தாமதம் பண்ணா அதுவே வெடிச்சு விதையைக் கொட்டிடும். உள்ள கடுகைவிடச் சின்னதா, கருப்பா, வரிவரியா இருக்கும். பேப்பர்ல கொட்டி நிழல்ல காயவச்சு ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. ரொம்பப் பழைய விதை முளைக்க சண்டித்தனம் பண்ணும்.

2. முளைப்பு. இதுதான் பல பேருக்குத் தெரியாத சமாச்சாரம். நித்தியகல்யாணி விதைக்கு இருட்டு வேணும். வெளிச்சம் பட மேலாக்க தூவிட்டா முளைப்பு ரொம்பக் கம்மியாயிடும். விதையைத் தூவி மேல கால் இஞ்ச் அளவுக்கு மணல் கலந்த மண்ணைப் போட்டு மூடுங்க. லேசா தண்ணி தெளிச்சு, மேல ஒரு பழைய நியூஸ்பேப்பரைப் போட்டு வைங்க. ஒரு வாரத்துலேருந்து ரெண்டு வாரத்துக்குள்ள முளைக்கும். முளை தெரிஞ்ச அன்னைக்கே பேப்பரை எடுத்துடணும், இல்லாட்டி வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டு படுத்துடும். மார்கழிக் குளிர்ல போடாதீங்க. மாசியிலேருந்து ஆடி வரைக்கும் எப்போ வேணா போடலாம்.

3. வெள்ளையா, ரோஸா? கலப்பு விதையா இருந்தா பூக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. நாத்தோட தண்டைப் பாருங்க. ரோஸ் பூக்கப் போற நாத்துக்குத் தண்டுல சிவப்பு ஓடியிருக்கும். வெள்ளை பூக்கப் போறது கிளிப்பச்சையா, ஒரு துளி சிவப்பு இல்லாம இருக்கும். பூவுல நிறம் கொடுக்கற அதே சாயம்தான் தண்டுலயும் ஓடுது. இதைத் தெரிஞ்சுக்கிட்டதும் எனக்கு வந்த சந்தோஷம், ஆபீஸ்ல ரெண்டு வாரமா ஆணி பிடுங்கிக் கண்டுபிடிச்ச பக்கை ஃபிக்ஸ் பண்ணப்பகூட வரலை.

4. மண். தண்ணி நிக்கவே கூடாது. செம்மண் ஒரு பங்கு, ஆத்து மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, மக்கின உரம் அரைப் பங்கு. எட்டு இஞ்ச் தொட்டி போதும். அடியில ஓட்டை அடைபடாம ஓட்டாஞ்சல்லி போடுங்க. கரிசல் மண்ணை அப்படியே எடுத்துப் போட்டா மழைக்காலத்துல வேர் அழுகிடும்.

5. தண்ணி. இந்தச் செடி காஞ்சு செத்ததைவிட, பாசத்துல தண்ணி ஊத்தியே செத்ததுதான் அதிகம். மேல்மண்ணுல ஒரு விரல்கடை ஆழத்துக்கு விட்டுப் பாருங்க, காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. அதிக ஈரத்துல ஒரு பூஞ்சாண நோய் வரும். நேத்து வரைக்கும் நல்லா இருந்த கிளை இன்னைக்கு நுனியிலேருந்து கருகித் தொங்கும். அந்தக் கிளையை நல்ல பகுதி வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு, தண்ணியைக் குறைக்கறதைத் தவிர வேற வழியில்ல.

6. வெயில். முழு வெயில். நிழல்ல வச்சா இலைதான் வரும். யூரியா மாதிரி தழைச்சத்து அதிகமாப் போட்டாலும் இதே கதைதான்.

7. கிள்ளுறது. நாத்து ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளி விடுங்க. பக்கக் கிளை அடிச்சு குத்தா நிக்கும். கிள்ளின எடத்துல வெள்ளையாப் பால் வரும், கையைக் கழுவிடுங்க. இது அரளி குடும்பம். கிள்ளின நுனியையும் தூக்கிப் போட வேணாம். நாலு விரல் நீளத்துக்கு இருந்தா கீழ் இலையை எடுத்துட்டு ஈர மணல்ல சொருகி நிழல்ல வைங்க, மூணு வாரத்துல வேர் விடும். வெள்ளை வெள்ளையாவே வேணும்னா இதுதான் நிச்சயமான வழி. பக்கத்துல ரோஸ் செடி இருந்து மகரந்தம் கலந்துச்சுன்னா, அந்த விதையிலேருந்து வர்றதுல ரோஸ்தான் ஜெயிக்கும்.

8. பச்சைப் பூ. எப்பவாவது பூ வர வேண்டிய எடத்துல இதழெல்லாம் பச்சையா, இலை மாதிரி மாறி, செடியே குட்டி குட்டி இலையா சுருங்கி நின்னா, புது ரகம்னு ஃபோட்டோ எடுத்துப் போடாதீங்க. அது தத்துப்பூச்சி பரப்பற ஒரு நோய். வேரோட புடுங்கி அப்புறப்படுத்திடுங்க, மத்த செடிக்கும் பரவும்.

அவ்வளவுதான். இதைவிட சுலபமான செடி கிடையாது. ஒரு தடவை வந்துடுச்சுன்னா நீங்க ஊருக்குப் போயிட்டு பத்து நாள் கழிச்சு வந்தாலும் பூத்துட்டுதான் இருக்கும்.

இப்போ இந்தப் பதிவை எழுத வச்ச விஷயத்துக்கு வர்றேன்.

மூணாவது மாடியில ஒரு சார் இருக்கார். ரிட்டயர்டு. ரொம்ப நல்ல மனுஷர். போன வருஷம் ஒரு காலையில மாடிக்குப் போனா, என் தொட்டியிலேருந்து பூவும் இலையுமா பறிச்சு வாயில போட்டுட்டு இருக்கார். "சுகருக்கு நல்லதுப்பா. தெனம் வெறும் வயித்துல அஞ்சு இலை. வாட்ஸப்ல வந்துச்சு. மாத்திரையைக் குறைச்சுட்டேன்"னார், பெருமையா.

அந்த ஃபார்வர்டு எல்லாருக்கும் வந்திருக்கும். அது முழுப் புரட்டும் இல்ல, அதுதான் சிக்கல். ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, இந்தியான்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஊர்கள்ல எல்லாம் இந்த இலையைச் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வச்சுக் குடிச்சிருக்காங்க. அதை ஒருத்தர் சோதிச்சும் பார்த்தார். அந்தக் கதையை அன்னைக்கு மாடியிலயே அவருக்குச் சொன்னேன்.

1952. கனடாவுல கிளார்க் நோபிள்னு ஒரு டாக்டர். அவருக்கு ஜமைக்காவுலேருந்து ஒரு கவர் வருது. உள்ள கிட்டத்தட்ட 25 நித்தியகல்யாணி இலை. அங்க சர்க்கரைக்கு இதைத்தான் டீ போட்டுக் குடிக்கறாங்க, பாருங்கன்னு. அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிள்கிட்ட கொடுக்கறார். தம்பி வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியாளர். அவர் எலிகளுக்கு அந்தச் சாறை வாய் வழியாக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்துல சர்க்கரை குறையலை. சரின்னு ஊசி மூலமா உள்ள செலுத்தினார். எலிகள் செத்துப் போச்சு.

இன்னொருத்தரா இருந்தா அதோட ஃபைலை மூடியிருப்பார். அவர் ஏன் செத்துச்சுன்னு பார்த்தார். எலிகளுக்கு வந்தது சாதாரண கிருமித் தொற்று. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்குக் குறைஞ்சிருந்தது. எலும்பு மஜ்ஜை வேலை நிறுத்தம் பண்ணியிருந்தது. வெள்ளை அணுவை இப்படிக் குறைக்கற சரக்கு, வெள்ளை அணு கண்டபடி பெருகற வியாதிக்கு உதவுமா? அந்த வியாதி பேர்தான் லுக்கேமியா. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சேர்ந்து இலையிலேருந்து அந்தச் சரக்கைப் பிரிச்செடுத்து 1958ல வெளியிட்டாங்க. அது வின்பிளாஸ்டின். அதே சமயத்துல எலி லில்லி கம்பெனியிலயும் இதே செடியைத் தனியாக் குடைஞ்சுட்டு இருந்தாங்க. அங்கேருந்து வின்கிறிஸ்டின் வந்துச்சு. 1963ல அமெரிக்காவுல அதுக்கு அனுமதி கிடைச்சுது.

"சார், நீங்க பறிச்சுச் சாப்பிடறது, ரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாப் போடற மருந்து இருக்கற இலை. சர்க்கரைக்கு இதை மருந்துன்னு இன்னைக்கு வரைக்கும் எங்கயும் அங்கீகரிக்கலை"ன்னேன். கையில இருந்ததைக் கீழ போட்டுட்டார். மாத்திரையைப் பழைய அளவுக்கே எடுத்துக்கறாரான்னு இப்பவும் பார்க்கறப்போ எல்லாம் கேட்டுட்டு இருக்கேன். நான் வர்றது தெரிஞ்சா லிஃப்ட்டுக்குள்ள வேகமாப் போயிடறார் :-)

இவ்வளவும் எனக்குத் தெரியறதுக்குக் காரணம் ஆர்வம் மட்டும் இல்ல. எங்க பெரியப்பா மகன், அண்ணனோட பொண்ணு. ஆறு வயசுல காய்ச்சல்னு ஆரம்பிச்சு, கால் வலிங்கறா, உடம்புல அங்கங்க நீலம் பாரிச்சிருக்குன்னு கூட்டிட்டுப் போனப்போதான் லுக்கேமியான்னு தெரிஞ்சுது. பாப்பாவுக்கு முதல் மாசம் வாரத்துக்கு ஒண்ணுன்னு போட்ட ஊசி, வின்கிறிஸ்டின்.

நான் லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். வார்டு வராண்டாவுல மதினி என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க.

"தம்பி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதிய. இந்த ஊசி நம்ம ஊரு சுடுகாட்டு மல்லியிலேருந்துதான் எடுக்காவளாமே. பக்கத்து பெட்டுக்கார அக்கா சொன்னாவ. ஊசி போட்டா பிள்ளைக்குத் தாடையெல்லாம் வலிக்கு, ரெண்டுக்குப் போக முடியாம அழுதா, நடக்கும்போது கால் இழுக்கு. அந்தச் செடியை நாமளே வீட்டுல வச்சு இலையை இடிச்சுச் சாறாக் கொடுத்தா என்ன? மெதுவா வேலை செஞ்சாலும் பரவால்லயில்லா? இயற்கையாச்சே."

கேட்டவங்க படிக்காதவங்க இல்ல, பி.எஸ்.சி. மேத்ஸ். பிள்ளை வலியில கத்தறதை மூணு வாரமா பார்த்துட்டு இருக்கற அம்மா. "சும்மா இருங்க மதினி, டாக்டருக்குத் தெரியாதா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொன்னா எங்கிட்ட கேக்கறதை நிறுத்துவாங்களே தவிர, யோசிக்கறதை நிறுத்த மாட்டாங்க. அதனால உக்காந்து கணக்காவே சொன்னேன். மேத்ஸ்காரங்களாச்சே.

பாப்பா உடம்பு அளவுக்கு ஒரு தடவைக்குப் போடறது ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல. ஒரு அரிசியைப் பத்தா உடைச்சா, அதுல ஒரு துண்டைவிடக் குறைவு. அந்த அளவுக்கு மேல போனா நரம்பு பாதிக்கும். கீழ போனா நோய் அடங்காது. இலையில இந்த மருந்து இருக்கறது ரொம்ப ரொம்பக் கம்மி. ஒரு கிராம் எடுக்க நூத்துக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலை வேணும். பாப்பாவோட ஒரு ஊசிக்கே கிலோ கணக்குல பச்சை இலையை இடிக்கணும். அந்த இலையில இது மட்டுமா இருக்கு? இதே மாதிரி நூத்துக்கும் மேல வேற வேற சரக்கு இருக்கு. எது எவ்வளவுன்னு ஒவ்வொரு செடிக்கும், ஒவ்வொரு மாசத்துக்கும் மாறும். வாய் வழியாப் போனா எவ்வளவு ரத்தத்துல சேரும்னு சொல்லவே முடியாது. சேராம போனா நோய் வளரும். சேரக்கூடாதது சேர்ந்தா விஷம்.

இந்த மருந்து என்ன பண்ணுதுன்னும் சொன்னேன். ஒரு செல் ரெண்டாப் பிரியறப்போ, உள்ள நூல் கயிறு மாதிரி ஒண்ணு உருவாகி, குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் பிரிச்சு இழுக்கும். வின்கிறிஸ்டின் அந்தக் கயிறைத் திரிக்க விடாது. கயிறு இல்லாம செல் பாதியில நின்னு செத்துடும். வேகமாப் பெருகற செல்தான் அதிகம் மாட்டும், அதனால புற்றுக்கு மருந்து. ஆனா நரம்புக்கும் நீளமான கயிறுகள் உள்ள ஓடுது. அதுலயும் கை வைக்கறதாலதான் தாடை வலி, மலச்சிக்கல், கால் இழுக்கறது. "அந்த வலி ஊசியில ஏதோ கெமிக்கல் கலந்ததால வர்றது இல்ல மதினி. செடியோட சரக்கேதான் அது. இயற்கைங்கறதால வலிக்காம இருக்காது."

அப்போ கதவுல ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினேன். வின்கிறிஸ்டினை நரம்பு வழியா, அதாவது ரத்த நாளம் வழியா மட்டும்தான் கொடுக்கணும், வேற எந்த வழியா கொடுத்தாலும் உயிர் போகும்னு போட்டிருந்தது. தண்டுவடத்துல போட வேண்டிய வேற மருந்தோட இது மாறிப்போய் உலகத்துல பல எடத்துல சாவு நடந்திருக்கு. அதனாலதான் இதைச் சிரிஞ்சுல எடுக்காம சின்ன பையில கலந்து ஏத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2007ல சொல்லுச்சு. "இலையில இருக்கறப்பவும் இது அதே சரக்குதான். இந்த அளவு, இந்த வழி, இந்த நாள்னு தெரிஞ்சதாலதான் இது மருந்தா இருக்கு."

மதினி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்ப செடி நல்லதா, கெட்டதா தம்பி?"ன்னாங்க.

இந்தக் கேள்விக்கு அன்னைக்கு "ரெண்டும்தான்"னு சொல்லி வச்சேன். அதுக்கப்புறம் யோசிச்சுப் பார்த்தா, கேள்வியில செடியைத் தவிர மத்தவங்க எல்லாரும் விட்டுப் போயிருக்காங்கன்னு தோணுது. ஜமைக்காவுல டீ போட்டவங்க, எலி ஏன் செத்துச்சுன்னு பார்த்தவர், இலையைக் கிலோ கிலோவா வடிச்சவங்க, அளவு கண்டுபிடிச்சவங்க, அந்த அளவு தெரியற வரைக்கும் ஊசி போட்டுக்கிட்ட முதல் குழந்தைகள். 1960கள் ஆரம்பத்துல இந்த வகை லுக்கேமியா வந்த குழந்தைகள்ல பத்துல ஒண்ணு பிழைக்கறதே அபூர்வம். இன்னைக்கு வசதியான நாடுகள்ல பத்துல ஒன்பது பிழைக்குது. வின்கிறிஸ்டின் மட்டும் காரணம் இல்ல, கூட நாலஞ்சு மருந்து இருக்கு. ஆனா முதல் மாச சிகிச்சையில இது இல்லாம பேச்சே இல்ல. 2019ல அமெரிக்காவுலயே இதுக்குத் தட்டுப்பாடு வந்து டாக்டர்கள் கையைப் பிசைஞ்சுட்டு நின்னாங்க.

இந்த வரிசையில நம்மாட்களும் இருக்காங்கங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மானாவாரியா இதைப் பயிராவே பண்றாங்க. ஒரு ஹெக்டேருக்கு ரெண்டரைக் கிலோ விதை போதும். அதையும் பத்து மடங்கு மணல்ல கலந்து தூவணும், அவ்வளவு பொடி. ஆறாவது மாசம் ஒரு தடவை, ஒன்பதாவது மாசம் ஒரு தடவை இலையை உருவி எடுப்பாங்க. வருஷக் கடைசியில செடியோட புடுங்கி, வேரைத் தனியாக் காயவைப்பாங்க. வேருலேருந்து எடுக்கறது ரத்த ஓட்டத்துக்கான வேற மருந்து. மூட்டை மூட்டையா வெளிநாட்டுக்கு ஏத்துமதியாகுது. லக்னோவுல இருக்கற மத்திய மருந்துத் தாவர ஆராய்ச்சி நிலையம் இதுக்குன்னே வெளியிட்ட ரகத்துக்குப் பேரு நிர்மல். அதுவும் வெள்ளைப் பூதான்.

மடகாஸ்கருக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் இல்ல. 1958ல எந்த நாட்டுச் செடியை எவன் எடுத்து என்ன பண்ணாலும் கேக்கறதுக்கு உலகத்துல சட்டம் இல்ல. பல்லுயிர் உடன்படிக்கைன்னு ஒண்ணு வந்ததே 1992லதான். அதுக்குள்ள இந்தச் செடி உலகம் பூரா சுடுகாட்டுல பூத்துட்டு இருந்துச்சு. மருந்துச் செடிக்கு யாரு சொந்தக்காரன்கற சண்டையில இதோட பேர் வராம இருக்காது.

இனிமே செடியே தேவைப்படாமலும் போகலாம். 2018ல இந்தச் செடி தன் சரக்கை எப்படித் தயாரிக்குதுங்கற சங்கிலியோட கடைசிக் கண்ணிகளையும் கண்டுபிடிச்சுட்டாங்க. 2022ல டென்மார்க்ல இருக்கற ஒரு குழு அந்த மொத்த வேலையையும் ஈஸ்ட்டுக்குச் சொல்லிக் கொடுத்துட்டாங்க. முப்பதுக்கும் மேல படிகள். ரொட்டியை உப்ப வைக்குமே, அதே ஈஸ்ட். வின்பிளாஸ்டினுக்கான ரெண்டு பாதிகளையும் அது செஞ்சு கொடுக்குது, அப்புறம் ஒட்டவைக்கணும். இப்போதைக்கு ஆய்வுக்கூடத்துல கொஞ்சம் கொஞ்சமாதான் வருது. பொட்டி தட்டறவன் பாஷையில சொல்லணும்னா, செடியோட கோடை எடுத்து வேற மெஷின்ல போர்ட் பண்ணிட்டாங்க. பெர்ஃபார்மென்ஸ் மட்டும் இன்னும் வரலை.

அது வந்தாலும் என் தொட்டி இருக்கும். பாப்பாவுக்கு ரெண்டரை வருஷம் சிகிச்சை ஓடி முடிஞ்சுது. இப்போ செக்கப்புக்கு மட்டும் போயிட்டு வர்றா. கால் இழுக்கறது போயிடுச்சு. போன மே மாசம் லீவுக்கு வந்தப்போ மாடியில எல்லாச் செடிக்கும் அவதான் தண்ணி. "இதுக்கு மட்டும் இன்னைக்கு வேணாம்"னா, "ஏன் சித்தப்பா, பாவம்லா?"ன்னு கேட்டா. இந்தச் செடியிலேருந்துதான் உனக்கு ஊசின்னு அவளுக்குச் சொல்லலை. அண்ணனும் மதினியும் எப்போ சொல்லணும்னு நெனைக்கறாங்களோ அப்போ சொல்லட்டும்.

ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு விஷயம் சொன்னேன். "சரி, மாடியோட இருக்கட்டும், வாசலுக்கு மட்டும் கொண்டு வராத"ன்னு பர்மிஷன் கொடுத்துட்டாங்க. இதுவே பெரிய வெற்றி.

வெள்ளை விதை வேணும்கறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. சுயவிலாசமிட்ட கவர் அனுப்பினா ஆளுக்கு ஒரு சிட்டிகை அனுப்பி வைக்கறேன். ஒரு சிட்டிகையே ஒரு மொட்டை மாடிக்குப் போதும்.

டிஸ்கி: சின்னக் குழந்தை, நாய், பூனை இருக்கற வீட்டுல கைக்கு எட்டாத உயரத்துல வைங்க. பூவைப் பாருங்க, விதையைப் பகிர்ந்துக்குங்க. இலையை மட்டும் வாயில வைக்காதீங்க. ஆட்டுக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரியணும்.